பட்டியலின் பிரிகுறியை மாற்றுங்கள்

வீடமைப்புப் பயனாளர் பட்டியல் தொகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இம்முறையும் அதே பிழை. "அடையாள அட்டை இலக்கம் இல்லை" என ஒதுக்கிய நிரைகளைத் (கிடை வரிசைகளை) தயவுசெய்து திறந்து பாருங்கள். இலக்கம் இருக்கிறது, நான்கு நிரல் (செங்குத்து வரிசை) தள்ளி. அது இருக்கவேண்டிய இடத்தில் "காம்பரா 5" என்ற முகவரித் துண்டு நிற்கிறது.

"லயம் 3, காம்பரா 5, கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர், தலவாக்கலை." லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, காம்பரா அதிலுள்ள அறை. இந்த முகவரியில் நான்கு காற்புள்ளிகள். நிரல்களைப் பிரிக்கும் குறியும் (பிரிகுறி) காற்புள்ளியே என்றால் ஒரு முகவரி ஐந்தாக உடையும். எக்செல் அத்தகைய முகவரிக்கு இரட்டை மேற்கோள் இட்டே சேமிக்கிறது. காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் உங்கள் மென்பொருள் அதை மதிப்பதில்லை. ஊர்ப்பெயர் மட்டும் உள்ள சிறு முகவரிகள் தப்பிவிடுகின்றன. அடிபடுவது லயத்து ஆட்கள்தான்.

ஆகவே பிரிகுறியை டாப் (விசைப்பலகையின் Tab) ஆக்குங்கள். எக்செலில் "யூனிகோட் டெக்ஸ்ட்" என்று சேமித்தால் டாப்பும் வரும், தமிழும் கெடாது. அதற்குப் பக்கத்திலுள்ள சாதாரண டாப் வகையைத் தெரிவுசெய்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். முகவரியைச் சுற்றி மேற்கோள் வந்தால் உள்வாங்கும்போது நீக்கவேண்டும். வேறிடத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் டாப் ஒளிந்திருக்கலாம், முதலில் தேடி அகற்றுங்கள். கலத்துக்குள் ஆல்ட்-என்டர் அடித்த வரிமுறிவுகளையும்தான், அவை ஒரு நிரையை இரண்டாக்கும். டாப் முடியாதென்றால் நிமிர்ந்த கோடு (|) போதும். முகவரியில் யாரும் அதை எழுதுவதில்லை. எதுவானாலும் ஒன்பது நிரல் என்றால் ஒவ்வொரு நிரையிலும் சரியாக எட்டுப் பிரிகுறி. எண்ணிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கவும் வேண்டாம். 12 இலக்க அடையாள எண் 1.99E+11 ஆகிறது, தொலைபேசியின் முதல் பூச்சியம் போய்விடுகிறது, "5/3" என்ற வீட்டிலக்கம் திகதியாகிறது. எல்லா நிரலையும் "டெக்ஸ்ட்" என்று குறித்து உள்வாங்குங்கள்.

தெருப்பெயரும் வீட்டிலக்கமும் கொடுக்காமல், கடிதத்தைக்கூடத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பவைத்த காலம் நீண்டது. அதனால்தான் இந்த முகவரிகள் இப்படி நீளுகின்றன. அந்த நீளத்துக்கே இன்று வீடு மறுக்கப்படுகிறது.

பிரிகுறியை மாற்றுங்கள். ஒதுக்கிய நிரைகளை மூலக் கோப்பிலிருந்து மீண்டும் எடுங்கள். ஒரு நாள் பேரை (நாட்சம்பளத்தை) இழந்து கந்தோர் (அலுவலக) வாசலில் வந்து நிற்கும்படி அந்த மக்களை அழைக்காதிருக்கப் பணிவோடு கேட்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப் பதிவுகளைத் தட்டச்சு செய்வோர்