குளத்துக்கு மருந்தடித்த கதை

அன்புள்ள முருகேசா,

இங்கு எல்லாரும் நலம். பங்கஜம் அத்தை இன்னமும் உன்னைத் 'தவளைப் பயல்' என்றுதான் விசாரிக்கிறாள். மூட்டுவலிக்குக் கண்ட எண்ணெயையும் வாங்கித் தேய்க்காதே.

இப்போது எழுதுவது நம்ம குளத்துக்காக. ஆகாயத்தாமரை கரைமுட்ட மூடிக் கிடந்தது உனக்குத் தெரியும். வாரி எடுக்கக் காசில்லை என்று ஆள் வைத்து டூ-ஃபோர்-டி என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டார்கள், ஒரே மூச்சில், குளம் முழுக்க. மறுநாளே இலைக்காம்பெல்லாம் முறுக்கிக்கொண்டன. பிறகு பழுத்து, கறுத்து, அடியில் போய் உட்கார்ந்தது. செத்த செடி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விடியக்காலை போய்ப் பார்த்தேன். கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்து மேலே மிதக்கின்றன. விரால் மட்டும் வெளிக்காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. கெட்டிக்கார மீன், நம்ம சுந்தரத்தைப் போல.

தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்பும் தாமரைக் குத்தகைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அகன்ற இலைச் செடி எதுவானாலும் கொல்லும் மருந்து அது, தாமரையை விட்டுவைக்குமா? கரையோரத்துப் புல் மட்டும் பச்சையாக நிற்கிறது.

சரி, இதோடு முடிந்ததா? அழுகிய செடியிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைந்தன, மேலே வெயில். குளம் இப்போது பாசி பிடித்து, பெயின்ட் கொட்டியதுபோல் பச்சை. அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்: துருசு, அதுதான் காப்பர் சல்பேட்! ரப்பர் மரத்துக்கு அடிப்பதுதானே, குளத்துக்கு என்ன கேடு என்கிறார்கள்.

முருகேசா, இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள். துருசிலுள்ள தாமிரம் பாசியைக் கொல்லும், மறுக்கவில்லை. அது நீலப்பச்சைப் பாசியாக இருந்தால், செல் உடையும்போது உள்ளேயிருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும். கொதிக்கவைத்தாலும் போகாது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைப் பாசிக்குத் துருசு போட்டார்கள். சில நாளில் 148 பேர் வாந்தியும் ஈரல் வீக்கமுமாகப் படுத்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். நம்ம குளத்தில் மாடு குடிக்கிறது, பயல்கள் குதிக்கிறார்கள். தாமிரம் அழுகிப் போகிற பொருளும் அல்ல. சேற்றில் தங்கி நத்தையையும் மீன்குஞ்சையும் வதைக்கும். மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கும் போகும். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் எல்லாம் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன என்று பெருமை பேசுகிறோம், பக்கத்துக் குளத்தில் இந்தக் கூத்து.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பகுதி பகுதியாக அடித்து, செத்த செடியை உடனே வாரிக் கரையேற்றியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. கேரளத்தில் 1980களில் சால்வீனியா என்ற நீர்க்களையை ஒரு சின்ன வண்டு தின்றே அடக்கியது. ஆகாயத்தாமரைக்கும் அப்படி வண்டு உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதைவிட, தெருச் சாக்கடை குளத்தில் விழுகிறவரை எதை அடித்தாலும் மறுபடி முளைக்கும். அதைப் பேசினால் எல்லாருக்கும் கோபம் வருகிறது. என் மச்சான் பேச்சையே நிறுத்திவிட்டான். அது ஒரு லாபம்.

அக்டோபர் 2 கிராமசபையில் மனு கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நீதான். துருசை நிறுத்துவது, தண்ணீரைச் சோதிப்பது, சாக்கடையைத் திருப்புவது, மூன்றையும் வைத்து எழுதி அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே மக்கா, படிக்கமாட்டார்கள்.

உன்
தங்கராஜ்