உல்லாசக் கப்பல்: பெரியதா, சிறியதா என்று கேட்போருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் இணைப்பிதழில் உல்லாசக் கப்பல் பயணங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைக் கீழக்கரையில் நாங்கள் பலர் படித்தோம். பெரிய கப்பல் எல்லாருக்கும் உரியது, சிறிய கப்பல் வசதி படைத்தவர்களுக்கு உரியது என்ற அளவில் அந்தக் கட்டுரை முடிந்துவிட்டதால் இதை எழுத வேண்டியதாயிற்று. நான் 22 ஆண்டுகள் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தவன். அதில் 14 ஆண்டுகள் பெரிய கப்பல்களில் அறைப் பணியாளனாகவும், எஞ்சிய 8 ஆண்டுகள் அறுநூறு பேருக்குள் ஏற்றும் சிறிய உயர்தரக் கப்பல்களில் உணவுக்கூடப் பணியாளனாகவும் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் அனுப்ப நினைக்கும்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவர்களிடம் சொல்வதையே தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய கப்பல் நிறுவனம் ஒரு ரகம், சிறிய கப்பல் நிறுவனம் அதைவிட மேலான வேறொரு ரகம் என்று மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே முதலாளியிடம்தான் இருக்கின்றன. பெரிய கப்பல்களை ஓட்டும் கார்னிவல் குழுமத்துக்குச் சொந்தமானதே சிறிய உயர்தரக் கப்பல்களை ஓட்டும் சீபோர்ன். ராயல் கரீபியன் குழுமத்தில் அடங்கியதே சில்வர்சீ. நார்வீஜியன் நிறுவனத்தின் கீழ்தான் ஓஷியானியாவும் ரீஜன்ட் செவன் சீஸும் இயங்குகின்றன. ஆகவே ஒன்றில் நேர்மை, மற்றொன்றில் குறை என்று தேடுவதில் பயனில்லை. ஒரே குழுமம் இருவேறு மனிதர்களை மனத்தில் வைத்து இருவேறு கப்பல்களைக் கட்டுகிறது. நாம் அந்த இருவரில் யார் என்பதுதான் கேள்வி.

அளவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான கருத்தையும் நீக்க வேண்டியிருக்கிறது. விளம்பரங்களில் காணும் டன் கணக்கு கப்பலின் எடையன்று. அதன் உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் எண். அந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன் கொண்டது. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பேரை ஏற்றுகிறது. அதாவது ஒருவருக்கு 44 டன். ஓஷியானியாவின் நாட்டிகா 30,277 டன் கொண்டது. 684 பயணிகளுக்கெனக் கட்டப்பட்டது. அதிலும் ஒருவருக்கு அதே 44 டன்தான். சீபோர்ன் குவெஸ்ட் ஏறத்தாழ 32,000 டன்னில் 450 பேரை மட்டுமே ஏற்றுவதால் அங்கே ஒருவருக்கு 71 டன் கிடைக்கிறது. சிறிய கப்பல் என்றாலே விசாலம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது. அறைக்கு மூன்றாவது, நான்காவது ஆளாகக் குழந்தைகள் சேரும் விடுமுறைக் காலத்தில் பெரிய கப்பலின் கணக்கு இன்னும் இறங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐகான் கப்பலின் உச்ச எண்ணிக்கை 7,600.

ஆனால் இடத்தைக் காட்டிலும் பயணிக்குப் பெரிதாகத் தெரிவது ஆள் கவனிப்பு. பெரிய கப்பலில் எனக்குப் பதினெட்டு அறைகள் இருந்தன. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அத்தனையையும் முடித்தாக வேண்டும். பயணி தன் பெயரைச் சொன்னாலும் அதை நினைவில் நிறுத்த எனக்கு நேரம் இருந்ததில்லை. சிறிய கப்பலுக்குப் போன பிறகுதான், ஓர் அம்மையார் தேநீரில் சர்க்கரை போடமாட்டார் என்பதையும், அவருடைய கணவருக்கு வெளிச்சம் கண்ணில் படாத மேசை வேண்டும் என்பதையும் இரண்டாம் நாளே தெரிந்து வைத்துக்கொண்டு பரிமாற முடிந்தது. உயர்தரக் கப்பல்கள் அதிகக் கட்டணம் வாங்குவதன் முதன்மையான காரணம் இதுவே.

இனி நம் பகுதிக் குடும்பங்களின் நிலைக்கு வருகிறேன். இங்கிருந்து கப்பலேறுவோர் பெரும்பாலும் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையாகச் செல்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய கப்பல்தான் பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வயதுக்கு ஏற்பப் பிரித்த சிறுவர் கூடங்கள், நீச்சல் குளங்கள், இரவு நிகழ்ச்சிகள் அங்கே உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். சிறிய உயர்தரக் கப்பல்களில் பேரப்பிள்ளைகளுக்குப் பொழுது போகாது. வைக்கிங் என்ற நிறுவனத்தின் கடற்கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதே இல்லை. உணவு மற்றொரு காரணம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் இந்தியப் பயணிகளை எதிர்பார்த்தே இயங்குவதால் சைவ உணவும் ஹலால் உணவும் கிடைப்பதில் சிரமம் குறைவு. சிறிய கப்பலின் சமையலர் மிகத் திறமையானவராக இருப்பார். ஆனால் பருப்பும் ரசமும் அவர் அறிந்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஹலால் இறைச்சி வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றிருக்க வேண்டும். கப்பலேறிய பின் கேட்டால் நடுக்கடலில் அதற்கு வழியில்லை.

கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் மக்கள் ஏமாறுவது இங்கேதான். பெரிய கப்பலின் விளம்பரக் கட்டணத்தில் அறை, பொது உணவுக்கூடங்கள், நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கும். குளிர்பானம், இணையம், சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா ஆகியவை தனி. பணியாளர்களுக்கான அன்பளிப்பு பல நிறுவனங்களில் கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் கொண்ட குடும்பம் நான்கு இரவுகளுக்கு 432 டாலர் கட்ட வேண்டிவரும். கைக்குழந்தைக்கும் அந்தத் தொகை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி நாள் காலையில் அறைக் கதவின் அடியில் வந்து கிடக்கும் கணக்குத் தாளைப் பார்த்து முகம் வாடிய பயணிகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சிறிய உயர்தரக் கப்பல்களில் எல்லாம் அடங்கிய கட்டணம் என்பார்கள். ரீஜன்ட் கப்பல்களில் கரைச் சுற்றுலாக்கள்கூட அதில் சேர்ந்தவை. கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டணத்துக்குள் ஒரு கணிசமான பகுதி மதுவுக்கானது. நாள் முழுதும் விலையுயர்ந்த திராட்சை மதுவும் ஷாம்பெயினும் கேட்டபோதெல்லாம் ஊற்றப்படும் என்பதை வைத்தே அந்தத் தொகை போடப்படுகிறது. மதுவைத் தொடாத குடும்பம் அதே தொகையைக் கட்டிவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்து இறங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியருக்கு அவர்களுடைய மகன் பெரும் பொருட்செலவில் பன்னிரண்டு நாள் சிறிய கப்பல் பயணம் ஏற்பாடு செய்தார். பணம் வாங்கிய முகவர், உணவைப் பற்றியோ, மாலை உணவுக்கு உடுத்த வேண்டிய உடையைப் பற்றியோ, உடன் வருவோரின் மொழியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அம்மா கப்பலிலிருந்த நாள்களில் பாதிக்கு மேல் அறையிலேயே ரொட்டியும் பழமும் உண்டு கழித்தார். மகனிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். அந்த முகவர்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதே தொகையில் பெரிய கப்பல் ஒன்றில் பால்கனி அறை எடுத்து, இருவரையும் உடன்பிறந்தாரோடு சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

தனியாகச் செல்லும் பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. விளம்பரத்தில் காண்பது அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கான கட்டணம். தனி ஆள் அறை எடுத்தால் சில நேரம் இருவர் கட்டணத்தையே கட்ட வேண்டிவரும்.

இவ்வளவு சொன்னதால் சிறிய கப்பலுக்கு நான் எதிரானவன் என்று எண்ண வேண்டாம். என் பணிக்காலத்தில் மனம் நிறைந்த ஆண்டுகள் அந்த எட்டும்தான். ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கப்பலேறுகிறவருக்குச் சிறிய கப்பலைப் போல் எதுவும் வராது. பெரிய கப்பலின் பயணத்திட்டத்தில் பாங்காக் என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லாம் சபாங் துறைமுகத்தில். போக வரப் பேருந்திலேயே நாளின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சிறிய கப்பல்கள் சாவ் பிரயா ஆற்றில் ஏறி நகரத்துக்குள்ளேயே போய் நிற்க முடியும். ஸ்பெயினில் பெரிய கப்பல்கள் காடிஸில் நிற்க, சிறியவை குவாடல்கிவிர் ஆற்றின் வழியே செவில் நகருக்கே போகின்றன. வெனிஸ் நகரின் மையக் கால்வாய்க்குள் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்ட் முதல் தடை உள்ளது. அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்க முடியாது. இறக்கும் கப்பல்களும் ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறக்குவதில்லை.

ஆழமும் அகலமும் கப்பலின் வழியை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாம்பன் கால்வாயில் பாலம் திறப்பதற்காகப் படகுகளும் சிறு கப்பல்களும் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் மேலெழும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர், அது எழும் உயரம் 17 மீட்டர். ஐகான் போன்ற 365 மீட்டர் நீளக் கப்பலை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய இர்வின், கோஷன் போன்ற கப்பல்கள் இந்த ஆழமற்ற கடலுக்கு ஏற்ற அளவில் இருந்ததால்தான் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் நேரே கப்பலேறிச் செல்ல முடிந்தது. என் வாப்பா அவற்றில் போய்வந்தவர்.

கடலின் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நம் மீனவர்கள் சொல்வதுபோல, ஒரே பயணத்தில் இருவகைக் கடலும் வரலாம். நீளமான கப்பல் அலையின் மேல் அமர்ந்து போகும். சிறிய கப்பல் அலையோடு ஏறி இறங்கும். பிஸ்கே விரிகுடாவில் ஓர் இரவு எங்கள் சிறிய கப்பலின் உணவுக்கூடத்தில் நானூறு பேருக்கு இலை போட்ட இடத்தில் முப்பது பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் எந்தக் கப்பலானாலும் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அறை கேட்க வேண்டும். முன்முனை அறையும் மேல்தள அறையும் விலையில் உயர்ந்தவையாக இருந்தாலும் அவர்களுக்கு ஆகாது. முழங்கால் வலி உள்ளவர்கள், துறைமுகத்தில் கப்பல் மேடையோடு அணைகிறதா, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளை இறக்குகிறார்களா என்பதை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். ஆடும் வள்ளத்தில் கால் வைப்பது நமக்குப் புதிதன்று என்றாலும், எழுபது வயதில் அது வேறு.

நடுவழியும் ஒன்று உண்டு. தங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. எம்எஸ்சி நிறுவனத்தின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன் போன்றவை பெரிய கப்பலுக்குள் தனியாகப் பிரிக்கப்பட்ட உயர்தரப் பகுதிகள். தனி உணவகம், தனிக் குளம், தனிப் பணியாளர் உண்டு. பிள்ளைகளுக்குக் கப்பல் முழுதும் திறந்திருக்கும். பெரியவர்களுக்கு அமைதியும் கிடைக்கும். கையில் பணம் இருந்து குடும்பமும் பெரிதாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

முதன்முறை செல்வோர் நீண்ட பயணத்தில் பணத்தைப் போடாமல் நான்கைந்து நாள் பயணத்தில் தொடங்குவதே முறை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய்வந்தது. 1990-இல் கட்டப்பட்ட, ஏறத்தாழ 48,500 டன் கொண்ட அந்தக் கப்பல் இன்றைய கணக்கில் பெரியதுமன்று, உயர்தரச் சிறு கப்பலுமன்று. ஆனால் கடல் தமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அறிய விரும்பும் தமிழ்க் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட குறும்பயணம் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் கப்பல் பயண விளம்பரங்கள் வாரந்தோறும் வருகின்றன. அவற்றில் ஒருவருக்கான கட்டணத்தோடு, அன்பளிப்பும் துறைமுக வரியும் சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு, சைவ, ஹலால் உணவுக்கு நிறுவனம் எழுத்தில் உறுதி தருகிறதா, எந்தெந்த ஊரில் படகில் இறக்குவார்கள் என்ற மூன்றையும் குறிப்பிடுமாறு விளம்பரம் தருவோரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டும் தராதவர்களின் விளம்பரத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டாலும் போதும். வாசகர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.