அந்தப் போட்டோவைப் பற்றி

அன்பு மகளுக்கு,

இரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. நான் அனுப்பிய போட்டோவில் கையில் ஒரு சின்னச் சாராயக் கிளாஸ் இருந்ததுதான் காரணம் என்று உன் அம்மா சொன்னாள். இருந்தது, பாப்பா. மறைக்க நினைத்திருந்தால் அனுப்பியே இருக்க மாட்டேன்.

நம் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது எனக்குத் தெரியாதா? உன் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி அலைந்தவன் நான். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு.

நான் குடியிருக்கும் வீடு செர்பியாவில் சாச்சக் ஊருக்கு வெளியே. எங்கே திரும்பினாலும் பிளம்ஸ் மரம். 1946-லேயே இங்கே பழ ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. அவர்கள் உருவாக்கிய ரகங்கள் பலவற்றுக்கு ஊர்ப் பேரையே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரத் தாத்தாவுக்கு அவை கண்ணில் படாது. பொஜெகாச்சா என்ற பழைய ரகம்தான் உசத்தி என்பார். ஷார்கா என்ற வைரஸ் நோய் அதைத்தான் வாரிக்கொண்டு போனது. மிச்சமிருக்கும் நாலு மரத்தைத் தினமும் நோயாளியைப் பார்ப்பதுபோல் போய்ப் பார்த்து வருகிறார்.

சாராயம் காய்ச்ச இந்தப் பழத்தைப் பீப்பாயில் போட்டு நுரைக்க விடுகிறார்கள். நம் ஊரில் ஊறல் என்போமே, அதுதான். ஆனால் வெல்லம், பட்டை எதுவும் கிடையாது, வெறும் பழம். அக்டோபரில் செப்புக் கொப்பரையை முற்றத்துக்கு இழுத்து வருவார். மூடி இடுக்கில் பிசைந்த மாவை அப்பி அடைத்து, விறகைச் சின்னதாக எரியவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். முதலில் சொட்டுவதைக் குடிக்கக் கூடாது. அதைத் தனியே எடுத்துவைத்து முழங்காலில் தேய்த்துக்கொள்கிறார். நல்லதை மறுபடியும் ஒருமுறை காய்ச்சி ஓக் பீப்பாயில் அடைக்கிறார். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ பழம் வேண்டுமாம். இதன் பெயர் ஷ்ளிவோவிட்சா.

நான் குடிக்க மாட்டேன், டீ இருந்தால் போதும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். “ஷுமாதியா டீ” என்று ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்தது. ஒரு மடக்கில் தொண்டை எரிந்தது! சர்க்கரையைக் கருக்கி அதில் இதே சாராயத்தைக் கொதிக்கவைப்பதற்குத்தான் இங்கே அந்தப் பெயராம். அன்றிலிருந்து தண்ணீரைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன்.

கல்யாணத்துக்கு அழைக்க நாம் வெற்றிலை பாக்கு வைப்போம். இவர்கள் மரக்குடுவைக்குப் பூச்சுற்றி, இதை நிரப்பி, வீடு வீடாகப் போகிறார்கள். அழைக்கப்பட்டவர் ஒரு வாய் குடித்தால் வருகிறேன் என்று அர்த்தம். பிள்ளை பிறந்தால் அதன் கல்யாணத்துக்கென்று இதை எடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. 2022-இல் இதைக் காய்ச்சும் மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதில் தாத்தாவுக்கு ஒரே பெருமை, ஏதோ அவர் கொப்பரையைத்தான் வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல.

இதையெல்லாம் எழுதுவதால் அப்பா மனசு மாறிவிட்டான் என்று நினைக்காதே. வீட்டுக்காரப் பாட்டியின் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நமக்குத் தெரியாததா?

போட்டோ எடுத்த அன்று தாத்தாவின் தம்பிக்கு நினைவு நாள். இறந்தவர்களுக்காகக் குடிக்கும்போது கிளாஸை முட்டிக்கொள்ள மாட்டார்கள். முதலில் கொஞ்சம் தரையில் ஊற்றுவார்கள். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். நான் உன் சித்தப்பாவை நினைத்து முழுவதையும் மண்ணில் கவிழ்த்தேன். எது அவனைக் கொண்டுபோனதோ அதையே அவனுக்கு ஊற்றியிருக்கிறேன். சரியா தப்பா, தெரியவில்லை. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது பாட்டில் எதுவும் வராது. பாட்டி சர்க்கரையே போடாமல் நாள் முழுக்கக் கிண்டிய பிளம்ஸ் ஜாம் இரண்டு டப்பா வருகிறது. ஒன்று உனக்கு. போனை எடு.

அப்பா