சி பிளாக் தரைத்தள வீடுகளில் கறையான்: அஸ்திவாரத்துக்கு மருந்து செலுத்தி, கதவு நிலைகளை மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சி பிளாக் தரைத்தளக் குடியிருப்போர்

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு

பொருள்: கறையான் அரிப்பால் வாசல் கதவுகளைப் பூட்ட முடியாத நிலை – பிளாக் முழுவதற்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த மனுக்களும் நினைவூட்டல்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சி பிளாக் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால், பள்ளமான பக்கம். மழை பெய்தால் தண்ணீர் முதலில் தேங்குவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கள் பின்சுவரோரம் ஊறுகிறது என்பதைத் தாங்களே நின்று பார்த்திருக்கிறீர்கள். அதனால் இடத்தைப் பற்றி எழுதாமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

தரைத்தள வீடுகள் அத்தனையையும் கறையான் அரித்துக்கொண்டிருக்கிறது. மனு கொடுத்தோம், நினைவூட்டல் கொடுத்தோம், அப்புறம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். அதற்கு மட்டும் ஒரு வரி வந்தது, நடவடிக்கை எடுக்கப்பட்டு புகார் முடித்துவைக்கப்பட்டது என்று. என்ன நடவடிக்கை, யார் வந்தார்கள், எந்த வீட்டைப் பார்த்தார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. வீட்டில் வரும் மற்ற பூச்சிகளுக்காக நாங்கள் தங்களைத் தொந்தரவு செய்யவில்லை. கரப்பானுக்கு இடுக்குகளில் ஜெல் வைத்து, குப்பையை மூடி வைத்து, சாக்கடை வாய்க்கு வலை போட்டுச் சமாளிக்கிறோம். எலிக்குப் பொந்தை அடைக்கிறோம், பொறி வைக்கிறோம். மூட்டைப்பூச்சி வந்தால் துணிகளைக் கொதிநீரில் போட்டு, கட்டிலைக் கழற்றிப் பார்த்து ஒழித்துவிடுகிறோம். அதெல்லாம் எங்கள் வீட்டுச் சுத்தம், எங்கள் பொறுப்பு. கறையான் அப்படியில்லை. கறையான் கூடு எங்கள் வீட்டில் இல்லை, கட்டடத்துக்கு அடியில் மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணும் கட்டடமும் தங்கள் துறையுடையவை.

2. பூட்ட முடியாத வாசல் கதவு. தயவுசெய்து இந்த ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள்.

இந்தக் கட்டடத்தில் நிலைக்கால்களைத் தளம் போடும்போதே தரைக்குள் புதைத்து ஊன்றியிருக்கிறார்கள். ஈர மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. சாதாரணமாகக் கறையான் வெளிக்காற்றில் உலர்ந்து செத்துவிடும் என்பதால்தான் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடமாடும். அந்தக் குழாயைப் பார்த்தாவது நாம் சுதாரித்துக்கொள்ளலாம். இங்கே அதற்குக் குழாயே தேவைப்படவில்லை, அடியிலிருந்து நேராக நிலைக்காலுக்குள் ஏறிவிடுகிறது. உள்ளே இருக்கிற மரத்தை நீளவாக்கில் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கிறது. தங்கள் துறை அடித்துக் கொடுத்த பச்சை பெயின்ட் வெளியே பளபளவென்று அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண் இருக்கிறது.

கீலில் திருகாணி பிடிக்க மரம் வேண்டும் அல்லவா? முதலில் கீழ்க்கீல் கழன்றது. கதவு சாய்ந்து தரையில் உரசியதால் தூக்கித் தூக்கிச் சாத்தினோம். அப்புறம் நடுக்கீலும் கழன்றது. தாழ்ப்பாள் போய் விழுகிற ஓட்டை இருந்த இடமே உதிர்ந்துபோனது. இப்போது கதவைச் சாத்தலாம், பூட்ட முடியாது. கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்ப முடிவதில்லை. நெருங்கிய உறவில் ஒரு சாவு என்றால்கூட ஒருவர் வீட்டுக்குக் காவல் இருந்துவிட்டு, மற்றவர்தான் போய்வர வேண்டியிருக்கிறது. கடைசி வீட்டில் தனியாக இருக்கிற பெரியம்மா இரவில் கட்டிலைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போட்டு அதிலேயே படுக்கிறார். நடு இரவில் அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நாங்கள் எப்படி உள்ளே போவது? கழிவறைக் கதவுக்கும் இதே கதி. வயதுக்கு வந்த பெண்பிள்ளை உள்ளே போனால் அம்மா வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறார். இதை ஒரு மனுவில் எழுத வேண்டியிருக்கிறதே என்று எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் 'சிறு பழுது' என்று குறித்துவிடுகிறீர்கள்.

சரி, நாங்களே செலவு செய்து நிலையை மாற்றிக்கொள்ளலாம் என்றால், கதவு, நிலை, தரை எதையும் குடியிருப்போர் பெயர்க்கவோ துளைக்கவோ கூடாது என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே விதி இருக்கிறது. நாங்கள் தொடக்கூடாது, நீங்கள் தொட மாட்டீர்கள், கறையான் மட்டும் தொடலாம்!

3. ஒரு தடவை ஆள் வந்தது உண்மைதான், மறைக்கவில்லை. முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்தவர் சுவரில் தெரிந்த மண் குழாய்களைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மருந்தை விசிறிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். குழாயைத் தட்டினால் அந்த ஒரு வழிதான் அடைபடும். கூடு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. புற்று கட்டுகிற இனங்களில் ராணி ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சுவரில் செத்த நூறு இருநூறு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வந்துபோகிற வேலைக்காரக் கறையான்களுக்குக் கண்ணும் கிடையாது, ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் விரிசல் இருந்தால் போதும், அடுத்த வழியைக் கண்டுபிடித்துவிடும். பரணை ஓரம், மின்கம்பிக் குழாய், சுவர் அலமாரியின் பின்பக்கம் என்று வேறு வேறு இடங்களில் கிளம்பியது. அந்த அலமாரியில் இருந்த பிள்ளைகளின் புத்தகங்களும் சான்றிதழ்களும் என்னவாகின என்பதைத் தனியாகவே ஒரு மனுவாக எழுதலாம்.

வீடு வீடாகச் செய்தாலும் பலனில்லை, ஐயா. பொறுக்க முடியாமல் ஒரு வீட்டுக்காரர் தன் பக்கச் சுவரோரம் மட்டும் மருந்து அடித்துக்கொண்டார். அது பைரெத்ராய்டு வகை, கறையானை விரட்டுகிற மருந்து. விரட்டினால் சாகாது, மருந்து இல்லாத பக்கம் போகும். பொதுச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டில் போய்க் கிளம்பியது. இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, இவரையும் குற்றம் சொல்ல முடியாது.

4. தண்ணீர். தொட்டி வழிவதை நிறுத்தாமல், பின்பக்கக் கழிவுநீர்க் குழாயின் கசிவை அடைக்காமல் எந்த மருந்து போட்டும் பயனில்லை. ஈரம் இருக்கிற வரை கறையான் இருக்கும். ஏற்கெனவே பல மனுக்களில் எழுதியதுதான்.

5. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் நாங்களே விசாரித்து எழுதுகிறோம், 'எப்படிச் செய்வது என்று தெரியவில்லை' என்று கோப்பு திரும்பி வரக்கூடாது என்பதற்காக.

கட்டி முடித்த கட்டடத்துக்குச் செய்கிற முறை எல்லா ஒப்பந்ததாரருக்கும் தெரியும். வெளியே அஸ்திவாரத்தை ஒட்டி வாய்க்கால் போலத் தோண்டி, மண் நனைகிற அளவுக்கு மருந்துக் கரைசலை ஊற்றி மூட வேண்டும். உள்ளே சுவரும் தரையும் சேருகிற இடத்தில் சுமார் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. அளவில் துளையிட்டு, கரைசலைச் செலுத்தி, சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். நிலைக்கால் ஊன்றிய இடங்களுக்குத் தனிக் கவனம். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் மாதிரி விரட்டாத மருந்தாக இருந்தால் கறையான் தெரியாமல் அதற்குள் நடமாடி, உடம்பில் ஒட்டியதை மற்றவற்றுக்கும் பரப்பும். இடையில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த இடைவெளி வழியாக மறுபடி ஏறும், அதனால்தான் பிளாக் முழுவதும் ஒரே சமயத்தில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிற பக்கம் மருந்து தண்ணீரில் கலந்துவிடாதபடி, தெரிந்தவர் ஒருவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஹெக்சாஃப்ளுமுரான் வைத்த இரைப்பெட்டிகளைப் புதைக்கலாம். அதைத் தின்ற கறையான் தோலுரிக்க முடியாமல் சாகும், வாய்க்கு வாய் ஊட்டிக்கொள்வதால் கூடு வரை போகும். என்ன, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை.

அலுவலகத்தில் ஒருவர், பழைய ஆல்ட்ரின் பூச்சிமருந்து இருந்தால் ஒரே ஊற்றில் முடிந்துவிடும் என்றாராம். அந்தப் பேச்சே வேண்டாம். 2001-இல் கையெழுத்தாகி 2004 முதல் நடைமுறையில் இருக்கிற, எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையில் முதலில் பட்டியலிட்ட 12 நச்சுகளில் ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாக்ளோர் எல்லாமே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் மண்ணில் அழியாமல் கிடக்கும், உடம்புக் கொழுப்பில் சேரும். கறையானை ஒழிக்கச் சொன்னோம், எங்களை இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அது தொட்டதைத்தான் கொல்லும், கூட்டுக்குப் போகாது, தீப்பிடிக்கிற அபாயம் வேறு.

6. மருந்து செலுத்தியபின் நிலைகளை மாற்றும்போது மறுபடி மரத்தைத் தரைக்குள் ஊன்றாதீர்கள். இரும்பு நிலையோ கான்கிரீட் நிலையோ போதும். அழகு பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை, பூட்டினால் பூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

7. பின்பக்கம் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கட்டட வேலைக்கு வந்த சாரப் பலகைகள், உடைந்த மேசை நாற்காலிகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. அவை உங்கள் துறை கொண்டுவந்து போட்டவை. எடுங்கள்.

8. போன மழைக்கு அடுத்த மாலையில் ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான், விளக்கைத் தேடி வெளியிலிருந்து வரவில்லை ஐயா, வீட்டுக்குள் சுவர் விரிசலிலிருந்து கிளம்பியது. ஜன்னல் ஓரம் முழுக்கச் சிறகு. உள்ளே இருந்து ஈசல் கிளம்புகிறது என்றால் முதிர்ந்த கூடு கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது என்று அர்த்தம், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? புகைப்படம் கேட்டார்கள், கொடுத்தோம். அசலைக் கொண்டுவா என்றார்கள், உதிர்ந்த நிலைக்கட்டையை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனோம், அதை அலுவலகத்துக்குள் கொண்டுவராதே, இங்கே இருக்கிற கோப்புகளில் கறையான் ஏறிவிடும் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். தங்கள் கோப்புகளுக்கு இருக்கிற பயம் எங்கள் வீட்டுக்கு இருக்கக்கூடாதா?

சற்றுக் கோபமாக எழுதிவிட்டோம் என்று தங்களுக்குத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் நேரில் வந்து எந்த வீட்டுக் கதவையாவது ஒரு தடவை சாத்திப் பார்த்தால் நாங்கள் குறைத்துத்தான் எழுதியிருக்கிறோம் என்று புரியும்.

ஆகவே, ஐயா அவர்கள் அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் சி பிளாக் தரைத்தளம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் அஸ்திவாரச் சிகிச்சை செய்யவும், தண்ணீர்க் கசிவை நிறுத்தவும், அரிக்கப்பட்ட நிலைகளையும் கதவுகளையும் மாற்றித் தரவும் ஆணையிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நிதி இல்லை, மதிப்பீடு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்வதானால், குறைந்தபட்சம் வாசல் கதவுகளையும் கழிவறைக் கதவுகளையும் மட்டும் இந்த வாரத்திலேயே தற்காலிகமாகவாவது தாழ்ப்பாள் போடும்படி செய்துகொடுங்கள். அதுவும் முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் மேலே போகிறோம். கதவைப் பூட்ட வேண்டும் ஐயா, முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி பிளாக் தரைத்தளக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் பின்பக்கத்தில்)

இணைப்பு: நிலைகள், கீல்கள், சுவர் விரிசல், ஈசல் சிறகு ஆகியவற்றின் புகைப்படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்.

பின்குறிப்பு: மருந்து செலுத்தும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கைக்குழந்தைகளும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஆய்வுக்கு யாரையாவது அனுப்பினால் ஒரு திருப்புளியோடு அனுப்புங்கள், நிலையைக் குத்திப் பார்க்கட்டும். தூரத்தில் நின்று பெயின்டைப் பார்த்துவிட்டு 'நன்றாக உள்ளது' என்று இன்னொரு தடவை எழுதிவிட வேண்டாம்.