"சாப்பிட்டீங்களா ஐயா?" மட்டும் போதாது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 70. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் கோளாறு உண்டா என்று இரத்தத்தில் பார்க்கிற பீ.எஸ்.ஏ. பரிசோதனைக்காக விடியற்காலை முதல் பஸ்ஸில், ஒரு வாய் பிளேன்டீகூடக் குடிக்காமல் வந்தார். கவுண்டரில் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட்டீங்களா ஐயா?" இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. பத்து நாளைக்கு முன்புதான் சிறுநீர் அடைத்து, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்திருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டில் 11.6. பக்கத்தில், அளவு கூடுதல் என்று காட்டும் தடித்த ஓர் 'எச்'. 4ஐத் தாண்டினாலே கவனிக்கிற எண் இது. அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அம்மா மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

டொக்டர் பார்த்த உடனே கேட்டது குழாயைப் பற்றித்தான். குழாய் போட்டாலும் சிறுநீரில் கிருமி தொற்றினாலும் எண் ஏறுமாம். ஆறு வாரம் கழித்து, அதே லேப்பில் எடுக்கச் சொன்னார்; லேப்புக்கு லேப் முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். இரண்டாம் முறை 4.3. வயதோடு வருகிற சுரப்பி வீக்கமாக இருக்கலாம், தொடர்ந்து பார்ப்போம் என்றார்.

எண் பொய்யாகக் குறைவதும் உண்டு, எனக்கு அதுதான் கூடுதல் பயம். சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் பினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட் மாத்திரைகளை ஆறு மாதம் போல் சாப்பிட்டால் எண் ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு 3 வந்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. என்ன மாத்திரை குடிக்கிறார் என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

சைக்கிள் மிதித்தாலும் ஏறலாம் என்கிறார்கள். சரி, நம் மலையில் யார் மிதிக்கிறார்கள்? ஆனால் கடும் உடற்பயிற்சியையும் தாம்பத்திய உறவையும் இரண்டு நாள் தள்ளிவைக்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் பிள்ளை அதை அப்பா வயது ஆளிடம் எப்படிக் கேட்கும்? அவரும் வாய் திறக்க மாட்டார். தமிழில் அச்சடித்த ஒரு துண்டுத் தாள் போதும். விலை விசாரிக்க வரும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். ஊசி குத்திய பிறகு கொடுத்தால் பிரயோசனமில்லை.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகன்