எதையும் வாங்காதே, முதலில் கழற்று

ரங்கூன்
ஆடி மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். மோல்மேனில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறோம். இந்த மழையில் பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று அம்மா மறக்காமல் எழுதச் சொன்னாள்.

உன் கம்ப்யூட்டர் விஷயத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் லைன் போய்விட்டது. எழுதி அனுப்பினால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யலாம் என்று தோன்றியது. பொறுமையாகப் படி.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றாய். இரண்டு நாள் கழித்துத் திரை வந்தது, ஆனால் கல்யாண வீடியோவை எடிட் செய்யும்போது நடுவில் பட்டென்று அணைந்தது என்றாய். அதைக் கேட்டுவிட்டு அங்கே கடைக்காரர், எல்லாப் பாகமும் மாட்டுகிற மதர்போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்றாராம். எதையும் வாங்காதே. கேபினட் மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் சொன்ன பேச்சு அது. நீ சேர்த்து வைத்த பணத்தில், உன் கையால் பூட்டிய மெஷின். புதிதாகப் பூட்டிய மெஷினில் செத்துப்போன பாகம் குறைவு. சரியாக உட்காராத பாகமும் மாட்டாமல் விட்ட கேபிளும்தான் அதிகம். எந்தப் பாகம் கெட்டது என்று நீயே நிரூபித்துப் பார்க்கும்வரை அங்கே எல்லாம் நல்ல பாகம் என்றே வைத்துக்கொள்.

முதலில் அந்தக் கறுப்புத் திரை. நீ வாங்கியது டிடிஆர்5 வகை ராம், அதாவது தற்காலிக நினைவகம். புது போர்டில் முதல் தடவை மாட்டும்போது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் அந்த ராமோடு பேசிப் பழகி, எந்த நேரக் கணக்கில் படிப்பது, எழுதுவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவு செய்யும். அது முடியும்வரை திரையில் ஒன்றும் வராது. சில போர்டில் ஒரு நிமிடத்தில் முடியும், சிலவற்றில் பல நிமிடம் பிடிக்கும். இது தெரியாமல்தான் நிறையப் பேர் முப்பது நொடியில் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் அது திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. நடுவில் கரண்ட் போனாலும் அதே கதைதான். அன்றைக்குத் திரை வராமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. இன்னொரு முறை அப்படி ஆனால், கரண்ட் நிலையாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் கை வைக்காமல் இரு. போய்ச் சோறு வடித்துவிட்டு வா.

அதற்கும் வரவில்லையென்றால் போர்டின் ஓரத்தைப் பார். பொடிப் பொடியாக நாலு விளக்கு இருக்கும். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் வந்து நின்றுவிடுகிறதோ அந்தப் பக்கம்தான் குறை. சிபியு என்பது பிராசசர். டிராமில் நின்றால் ராமைப் பார், விஜிஏவில் நின்றால் கிராபிக்ஸ் கார்டைப் பார். பூட்டில் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது கழற்றுகிற வேலை. எல்லாவற்றையும் மாட்டி வைத்துக்கொண்டு குறையைத் தேட முடியாது. சுவரில் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, மெஷினின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடி, உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் இறங்கிவிடும். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்று. இரண்டு ராமில் ஒன்றைக் கழற்று. எஸ்எஸ்டியையும் எடுத்துவிடு. முன்பக்க யுஎஸ்பி கேபிள், விளக்குக் கேபிள் எதுவும் வேண்டாம். போர்டு, பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை, இவ்வளவு போதும். உன் ரைசன் 7600 பிராசசரிலேயே திரைக்குப் படம் அனுப்புகிற வசதி இருக்கிறது, அதனால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்னால் இருக்கிற எச்டிஎம்ஐயில் மாட்டு. படம் வந்தால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன, கடைக்காரர் சொன்னது தப்பு. அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வா. எதை மாட்டியதும் படம் போகிறதோ அதுதான் நீ தேடுவது.

கிராபிக்ஸ் கார்டைத் திரும்ப மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டுக்கு மாற்ற மறக்காதே. எத்தனையோ பேர் போர்டில் மாட்டி வைத்துவிட்டுக் கார்டு செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கி வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் படம் வராவிட்டால் போர்டைக் கேபினட்டிலிருந்தே வெளியே எடு. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து அப்படியே ஓட்டிப் பார். அது வந்த பளபளப்பான பையின் மேல் வைக்காதே. அந்தப் பையின் வெளிப்பக்கத்தில் மின்சாரம் பாயலாம். வெளியே ஓடுகிறது, உள்ளே வைத்தால் ஓடவில்லை என்றால், போர்டுக்கு அடியில் இருக்கிற பித்தளைக் கால்களில் ஒன்று தேவையில்லாத இடத்தில் முளைத்து நிற்கிறது, போர்டின் முதுகில் பட்டு ஷார்ட் ஆகிறது. போர்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் கால் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் ஆன் செய்யப் பொத்தான் ஏது என்று கேட்பாய். முன்பக்கப் பொத்தானின் கேபிள் மாட்டுகிற அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடு, ஓட ஆரம்பித்துவிடும். எந்த ஊசிகள் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

ராம் மாட்டுவதில் ஒரு விஷயம். நாலு இடம் இருக்கிற போர்டில், இரண்டு ராம் என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில் ஒன்று, நாலாவதில் மற்றது. ஒன்று மட்டும் என்றால் இரண்டாவது இடம். பலமாக அழுத்த வேண்டியிருக்கும், நீ பயந்து லேசாக அழுத்தியிருப்பாய் என்று நினைக்கிறேன். இரண்டு முனையும் நேர்மட்டமாக இறங்கி, க்ளிக் என்று கேட்க வேண்டும். உங்கள் போர்டில் ஒரு பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார். அப்படி என்றால் தாழ்ப்பாள் இல்லாத பக்கம்தான் ஏமாற்றும், உட்கார்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்திருக்காது. மழைக்காலத்தில் அங்கே காற்றே ஈரமாக இருக்கிறது. ராமின் தங்க நிறப் பற்களில் மங்கல் தெரிந்தால் சுத்தமான அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாக ஊதிவிட்டு மாட்டு.

பவர் கேபிள் மூன்று இடம். போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு மேல் மூலையில் 8 பின், கார்டுக்குத் தனி 8 பின். பிராசசருக்குப் போகிற கேபிளைக் கார்டில் திணிக்கக் கூடாது, வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் மாறும். இதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டுகிற கேபிள் என்றால், அதனோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்து. மாப்பிள்ளையின் பழைய கம்ப்யூட்டரில் நீளமான கேபிள் இருக்கிறது என்று எடுத்து மாட்டாதே. போர்டுப் பக்க முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. பவர் சப்ளைப் பக்க முனையில் எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரே நொடியில் எஸ்எஸ்டியும் போகும், உன் கல்யாண வீடியோவும் போகும்.

இனி வேலை நடுவில் அணைகிற விஷயம். எப்படி அணைகிறது என்று நீ கவனித்துச் சொல்ல வேண்டும். நீலத் திரை வந்து எழுத்து ஓடினால் பெரும்பாலும் ராம், டிரைவர் மென்பொருள், இல்லாவிட்டால் எஸ்எஸ்டி. ஒன்றுமே சொல்லாமல் விளக்கை அணைத்தாற்போல் போனால் சூடு அல்லது கரண்ட். விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பவர் சப்ளை போய்விட்டது என்று எவராவது சொன்னால் நம்பாதே. முறையாக மூடாமல் மெஷின் நின்றுவிட்டது என்று மட்டும்தான் அது பதிந்து வைக்கிறது. ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது.

சூட்டை முதலில் பார். விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற போர்டின் அமைப்புத் திரையை பயாஸ் என்பார்கள், அதிலேயே பிராசசர் சூடு போட்டிருக்கும். சும்மா இருக்கும்போது நாற்பது ஐம்பது டிகிரி என்றால் கவலை இல்லை. அங்கேயே எண்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலர் சரியாகப் படியவில்லை. உன் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு மேலும் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். கூலரின் நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு திருகி இறக்க வேண்டும். ஒன்றையே முழுசாக இறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை தூக்கிவிட்டால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

சூடு சரியாக இருக்கிறது என்றால், அணைந்த நேரத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதா என்று யோசித்துப் பார். எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். வெளியே மின்சாரம் நின்றாலும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல பவர் சப்ளைக்கே அது சுமார் 16 மில்லி விநாடிதான். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் விளக்குக்கும் செய்தது. சாதாரண நிலையில் அது மாற அதைவிட நேரம் எடுக்கும். விளக்கு லேசாகக் கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் போய்விடும். வீடியோ எடிட் செய்யும்போது மெஷின் கரண்ட்டைக் கூடுதலாக இழுக்கிறது, கெப்பாசிட்டர் இன்னும் சீக்கிரம் காலியாகும். அதனால்தான் சும்மா இருக்கும்போது தாண்டிவிடுகிறது, வேலை செய்யும்போது விழுகிறது. இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளு, வேகமாக மாறும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று வேண்டும். இந்த ஒன்றுக்குத்தான் நான் பணம் செலவழி என்பேன். 650 விஏ என்று எழுதியிருப்பது நிஜத்தில் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். உன் மெஷினுக்கு அது போதும். நாளைக்கே ஒரு பேப்பரில் அணைகிற நேரத்தை எல்லாம் குறித்து, பக்கத்திலேயே கரண்ட் போன நேரத்தையும் எழுது. இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறது என்றாயே, அதை நான் சும்மா விடமாட்டேன். உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும், இரண்டும் கேபினட்டில் வந்து சேரும். எர்த் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி உன் கேபினட்டின் மேல் நிற்கும். அளவு ரொம்பச் சின்னது, ஆளைக் கொல்லாது. ஆனால் வேறு ஏதாவது கோளாறு வந்தால் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. பேரன் தவழ்ந்து வந்து தொடுகிற வயது. மாப்பிள்ளையிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறையாக எர்த் கம்பி இறக்கச் சொல். அதுவரை பிள்ளையை அந்த அறைப்பக்கம் விடாதே.

எல்லாம் சரியான பிறகு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட்டு. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே துவக்க வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமை அப்படியே விடக் கூடாது. முதலில் பயாஸில் எக்ஸ்போ என்பதை அணைத்துவிட்டுத் திரும்ப ஓட்டு. பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிற வேகம் எக்ஸ்போவை இயக்கினால்தான் வரும். சாதாரணமாக 4800க்கே ஓடும். 4800லும் பிழை வந்தால் பெரும்பாலும் அந்த ராம்தான் பழுது. பில்லோடு இங்கே அனுப்பு, நான் கடையில் மாற்றித் தருகிறேன்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பயாஸையும் மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப நின்றால் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும். பவர் சப்ளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கிற அளவு மின்சாரம் நிற்கும்.

வெள்ளிக்கிழமை அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் மோல்மேன் பஸ்ஸில் ஒரு பார்சல் போடுகிறேன். என் பழைய மல்டிமீட்டர், தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப், சோதனைக்கு ஒரு டிடிஆர்5 ராம் எல்லாம் இருக்கும். அம்மா மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாள், அதைத் தனிப் பையில் கட்டியிருக்கிறேன். பஸ் வந்ததும் போய் வாங்கிக்கொள். ராமை அப்படியே பிரிக்காமல் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வைத்துவிட்டு எடு. அந்த நாலு விளக்கில் எது எரிந்து நின்றது என்று போட்டோ பிடித்து அனுப்பு, அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா