ஜமுக்காளம் மடிக்கிற நேரம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கோவையில் எல்லோரும் சௌக்கியம். பாலக்காட்டுக் கல்பாத்திக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகியும் பக்கத்து வீட்டைத் தவிர ஒருவரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். கச்சேரிக்கு மட்டும் வாரம் தவறாமல் போகிறாயாம். சரியாக ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போய், மங்களம் பாடியதும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினால் யார்தான் பழக்கமாவார்கள்? ஒரு மணி நேரம் முன்னால் போ. ஜமுக்காளம் விரிக்க எந்தச் சின்ன சபாவிலும் ஆள் பற்றாது.

முதலில் பஜனை மடத்துக்குப் போ. அங்கே கேட்கிறவர் பாடுகிறவர் என்ற பிரிவே கிடையாது. பாகவதர் ஓர் அடி சொன்னால் திருப்பிச் சொல்லக் கூட்டம் வேண்டும். தோடய மங்களம் என்ற தொடக்கப் பாட்டுகளில் ஆரம்பித்து, ஜெயதேவரின் அஷ்டபதி முடிந்து, குத்துவிளக்கைச் சுற்றிவந்து பாடும் திவ்யநாமம் வரும்போது வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள். முதல் நாளே ஜால்ராவை மட்டும் கையில் எடுக்காதே. ஜால்ரா தப்பினால் மொத்தக் கூட்டமும் தடுமாறும், உன் முகம் தப்பான காரணத்துக்காக எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கச்சேரி நாளில் மிருதங்கக்காரர் வந்து உட்கார்ந்ததும் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் ரவையும் கொஞ்சம் தண்ணீரும் கேட்பார். அதைக் கொண்டு போய்க் கொடுப்பதுதான் உனக்கு நல்ல அறிமுகம். பிசைந்த ரவையை மிருதங்கத்தின் இடது பக்கத் தோலான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பி, தட்டிப் பார்த்து, விரலால் கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டுவார். அந்தக் கனத்தில்தான் கும்கி என்கிற குமுறும் அடிநாதம் இறங்குகிறது. பெடஸ்டல் ஃபேன் நேராக அந்தப் பக்கம் அடித்தால் ரவை காய்ந்து உதிரும், நாதம் மேலே ஏறிவிடும். ஃபேனைச் சபை பக்கம் திருப்பி வை.

உன் வீட்டு ஹாலிலேயே மாதம் ஒரு கச்சேரி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வைக்கலாம். இருபதுக்கு முப்பது அடியில் மேடைக்கு ஒதுக்கியது போக எழுபது, எண்பது பேர் தரையில் உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவரோரம் பதினைந்து நாற்காலி போடு. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் குரல் எதிரொலித்துச் சொல் புரியாது. ஜமுக்காளம் எதிரொலியைக் கொஞ்சம் விழுங்கும். மீதிக்குப் பின்சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடு. அந்த அளவு அறைக்கு மைக் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதம் பிடித்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் ஊரில் இருந்துகொண்டு நீ பயப்படலாமா? மைக் இல்லாமல் முடியாது என்று பாடுகிறவர் சொன்னால் குரலுக்கு மட்டும் ஒன்று வை. ஸ்பீக்கர் பாடகருக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்கட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அதே சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து வீல் என்று கத்தும்.

ஆள் ஏற்பாடு செய்யும்போதே பாடுகிறவரின் சுருதியைக் கேட்டு மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடு. சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை போன்ற தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம், ஐந்து கட்டை போன்ற உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு, இரண்டும் வேறு வேறு வாத்தியம். சொல்லாமல் விட்டால் அவர் தப்பானதைத் தூக்கிக்கொண்டு வருவார். சுருதி சேர்க்கிற கல்லும் மரக்கட்டையுமாக எவ்வளவு தட்டினாலும் சேராது. கோவையிலிருந்து ரயிலில் வருகிறவர்களிடம் பாலக்காடு ஜங்ஷன், அதாவது ஒலவக்கோடு என்று அழுத்திச் சொல். டவுன் ஸ்டேஷன் வேறு.

காபி விஷயத்தில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். இடையில் காபி என்று வைத்தால் மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது பாதி சபை வாசலில் நிற்கும். மிருதங்கக்காரருக்கு அதைவிட அவமரியாதை இல்லை. மங்களம் முடிந்த பிறகு கொடு. அறுபது பேருக்கு நாலரை லிட்டர் பால், ஒன்றரை லிட்டர் டிகாஷன். அதற்கு நானூறு கிராம் பொடி போதும். சுண்டலுக்கு ஒன்றரை கிலோ கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடு. டம்ளர் சூடாக இருக்கும் வரை யாரும் நகர மாட்டார்கள். யார் பெண் வயலின் கற்கிறாள், யார் வீட்டில் பழைய தம்புரா சும்மா கிடக்கிறது எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் வெளியே வரும். ஜமுக்காளத்தை ஒரு ஆளால் மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடிக்க வருகிறவரிடம் பெயரைக் கேட்டுக்கொள்.

டிக்கெட் வேண்டாம், வாசலில் ஒரு உண்டியல் போதும். ஆனால் உண்டியலை நம்பி வித்வான்களுக்குக் காத்திருக்கச் சொல்லாதே. சன்மானமும் ரயில் செலவும் முன்பே கவரில் போட்டுத் தயாராக இருக்கட்டும்.

ஐப்பசி கடைசியில் கல்பாத்தித் தேருக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாட்களில் நடக்கும் சங்கீத உத்ஸவத்தையும் சேர்த்துக் கேட்கலாம். திண்ணையில் எனக்கு ஓர் இடம் வைத்திரு. இந்தச் சனிக்கிழமை பஜனைக்குப் போய்விட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்